ஒரு கதை தொடருமா, பாதியில் நிற்குமா? அனிமே, மங்கா, வெப்டூன் உலகில் ரசிகர்களின் கருத்துக்கு எவ்வளவு பவர்?

"இந்த எபிசோடு வேற லெவல்", "கிளைமாக்ஸ்ல சொதப்பிட்டாங்க", "ஹீரோ இவ்ளோ பவர்ஃபுல்லா இருந்தா கதையில என்ன சுவாரஸ்யம்?" அனிமே பார்க்கிற, மங்கா படிக்கிற நாலு பேர் ஒண்ணு சேர்ந்தால் பேச்சு இப்படித்தான் போகும். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது வெட்டி அரட்டை மாதிரி தெரியலாம்.

ஆனால் ஜப்பானிலும் தென் கொரியாவிலும் இந்தக் கருத்துகளை ஒரு அமைப்பு வைத்து எண்ணுகிறார்கள். ஒரு கதை நீடிப்பதா, சீக்கிரமே முடிவதா என்பதில் அந்த எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. இது எப்படி நடக்கிறது? இதில் யாருக்கு லாபம், யாருக்குப் பாதிப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், எது எதற்கு என்ன பெயர்?

மங்கா என்பது ஜப்பானிய காமிக்ஸ். பெரும்பாலும் கருப்பு வெள்ளையில் இருக்கும். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வார இதழிலோ, மாத இதழிலோ தொடராக வந்து, பிறகு புத்தகமாகத் தொகுக்கப்படும்.

அனிமே என்பது ஜப்பானிய அனிமேஷன். ஹிட்டான பல மங்காக்கள்தான் அனிமேவாக மாறுகின்றன. நாவலில் இருந்து வருவதும் உண்டு, நேரடியாக எழுதப்படுவதும் உண்டு.

மன்ஹ்வா என்பது கொரிய காமிக்ஸ். அதில் போனில் படிப்பதற்காகவே உருவான வடிவம்தான் வெப்டூன். பக்கம் புரட்ட வேண்டியதில்லை. விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனால் கதை கீழே நீண்டுகொண்டே போகும். முழு வண்ணத்தில் இருக்கும். கொரிய இணையதளமான டாம் 2003-லும், நேவர் 2004-லும் வெப்டூன் சேவையைத் தொடங்கின. 'இத்தேவான் கிளாஸ்', 'ஸ்வீட் ஹோம்', 'ஆல் ஆஃப் அஸ் ஆர் டெட்' என்று நம்ம ஊரிலும் பேசப்பட்ட கொரிய சீரிஸ்கள் வெப்டூனில் இருந்து வந்தவைதான்.

தபால் அட்டையில் ஒரு தேர்தல்

ஜப்பானில் ஷூயிஷா நிறுவனம் வெளியிடும் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' 1968-ல் தொடங்கியது. 'டிராகன் பால்', 'நருட்டோ', 'ஒன் பீஸ்' எல்லாம் இதில் வந்த தொடர்கள். 1990-களின் நடுவில் ஒரே இதழ் 65 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் அச்சான வரலாறு இதற்கு உண்டு.

இந்த இதழுக்குள் ஒரு தபால் அட்டை இருக்கும். ஒரு இதழில் சுமார் 20 தொடர்கள் வரும். அதில் உங்களுக்குப் பிடித்த மூன்றைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். ஆசிரியர் குழு இந்த ஓட்டுகளை எண்ணி வாராவாரம் தரவரிசை போடும். ஒரு தொடர் தொடர்ந்து கடைசி இடங்களிலேயே இருந்தால் அதற்கு ஆபத்து. புதிதாகத் தொடங்கும் பல தொடர்கள் 10, 20 வாரங்களிலேயே மூட்டை கட்டிவிடும். கதை பாதியில் இருந்தாலும் சரி, மிச்சத்தை இரண்டு மூன்று அத்தியாயத்தில் சுருட்டி முடிக்க வேண்டியதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இது விமர்சகர்கள் போடும் மார்க் இல்லை. காசு கொடுத்து இதழை வாங்கிய, பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகள் போடும் ஓட்டு. "மூன்றாவது இடத்துக்கு எதைப் போடலாம்" என்று ஒரு பையன் யோசித்தது இன்னொருவரின் வேலையையே தீர்மானித்திருக்கிறது. இந்தப் பந்தயத்தையே கதைக்களமாக வைத்து 2008 முதல் 2012 வரை 'பகுமான்' என்ற மங்காவும் அதே இதழில் வந்தது.

பெரிய பெயர் இருந்தால் தப்பிக்கலாமா?

தப்பிக்க முடியாது. 'நருட்டோ'வை 15 ஆண்டுகள் வெற்றிகரமாக நடத்தியவர் மசாஷி கிஷிமோட்டோ. அவர் கதை எழுத, வேறொரு ஓவியர் வரைய, 2019 மே மாதம் 'சாமுராய் 8' என்ற தொடர் பெரிய எதிர்பார்ப்போடு தொடங்கியது. வாசகர்கள் மத்தியில் எடுபடவில்லை. 43 அத்தியாயங்களில், 2020 மார்ச்சில் முடிந்துவிட்டது. சூப்பர் ஸ்டார் படமாக இருந்தாலும் இரண்டாவது வாரம் தியேட்டரில் கூட்டம் இருந்தால்தானே ஓடும்? அதே கணக்குதான்.

ரசிகர்களின் கருத்து கதையின் போக்கையே மாற்றிய உதாரணமும் இருக்கிறது. அகிரா டோரியாமாவின் 'டிராகன் பால்' 1984-ல் தொடங்கியபோது அது சாகசப் பயணமும் காமெடியும் கலந்த கதை. ஆரம்ப வேகம் குறைந்து தரவரிசை இறங்கியது. அப்போது அவருடைய எடிட்டராக இருந்த கசுஹிகோ டோரிஷிமாவோடு பேசி, கோகுவின் பயிற்சி, தற்காப்புக் கலைப் போட்டி என்று கதையைத் திருப்பினார்கள். அதன் பிறகுதான் தொடர் எகிறியது. இன்று உலகமே 'டிராகன் பால்' என்றதும் நினைக்கிற சண்டைக் காட்சிகளுக்குப் பின்னால், "இப்படியே போனால் பிடிக்கலை" என்று சொன்ன வாசகர்களும் இருக்கிறார்கள்.

கொரியாவில் என்ன கணக்கு?

கொரிய வெப்டூனில் தபால் அட்டை கிடையாது. படிப்பது போனில், கருத்து சொல்வதும் அதே போனில். ஒவ்வொரு எபிசோடுக்குக் கீழேயும் மதிப்பெண், லைக், கமென்ட் என்று வாசகர்கள் தங்கள் தீர்ப்பை உடனுக்குடன் சொல்லலாம். அதிக லைக் வாங்கிய கமென்ட் முதலில் தெரியும். எபிசோடை முடித்த கையோடு கமென்ட்டுகளைப் படிப்பதையும் வாசிப்பின் ஒரு பகுதியாகவே பலர் வைத்திருக்கிறார்கள்.

நேவரில் யார் வேண்டுமானாலும் தங்கள் கதையைப் பதிவேற்றக்கூடிய பகுதி இருக்கிறது. அங்கே வாசகர்களிடம் நல்ல பெயர் வாங்கினால் அடுத்த நிலைக்குப் போகலாம். அதிலும் ஜெயித்தால் சம்பளம் வாங்கும் அதிகாரபூர்வ தொடராகவே மாறலாம். எந்தப் பின்னணியும் இல்லாத ஒருவர் வாசகர்களின் ஆதரவாலேயே மேலே வருவதற்கு இது ஒரு வாசல்.

ககாவ் பேஜ் தளம் 2014-ல் வேறொரு யுக்தியைக் கொண்டுவந்தது. பெயரே 'காத்திருந்தால் இலவசம்'. ஒரு எபிசோடு படித்துவிட்டு, குறிப்பிட்ட நேரம் பொறுத்திருந்தால் அடுத்தது இலவசமாகத் திறக்கும். பொறுக்க முடியலையா? காசு கட்டி உடனே படிக்கலாம். எத்தனை பேரால் பொறுக்க முடியவில்லை என்பதே அந்தக் கதைக்குக் கிடைக்கும் மார்க். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் ரசிகரின் கருத்து அங்கே பதிவாகிவிடுகிறது.

சோலோ லெவலிங்: கையெழுத்தில் இருந்து விருது வரை

இந்த மூன்று உலகங்களும் சந்திக்கிற இடம் 'சோலோ லெவலிங்'. சுகோங் என்ற எழுத்தாளர் எழுதிய கொரிய இணைய நாவல், 2018-ல் வெப்டூனானது. ஆளிலேயே ரொம்ப பலவீனமான வேட்டைக்காரன் சுங் ஜின்வூ, படிப்படியாக யாராலும் அசைக்க முடியாதவனாக மாறும் கதை. "இதை அனிமேவாக எடுங்கள்" என்று கேட்டு உலகம் முழுவதும் இருந்து 2 லட்சத்துக்கும் அதிகமான ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2024 ஜனவரியில் ஜப்பானின் ஏ-1 பிக்சர்ஸ் ஸ்டுடியோ தயாரிப்பில் அது அனிமேவாகவே வந்தது.

2025 மே மாதம் நடந்த கிரஞ்சிரோல் அனிமே விருதுகளில் 'ஆண்டின் சிறந்த அனிமே' விருதும் அதற்கே போனது. உடனே ஆரம்பித்தது சண்டை. 'ஃப்ரீரென்', 'டன்டடன்' மாதிரியான படைப்புகள் போட்டியில் இருக்கும்போது இதற்கு எப்படி விருது என்று ஒரு தரப்பு. "எங்களுக்குப் பிடிச்சிருக்கு, ஓட்டுப் போட்டோம், உங்களுக்கு என்ன?" என்று இன்னொரு தரப்பு.

இந்தச் சண்டை நமக்குப் புதுசு இல்லை. மாஸ் படம் பெருசா, கதையுள்ள படம் பெருசா என்று டீக்கடையில் நடக்கிற அதே பஞ்சாயத்துதான். இதற்குள் ஒரு நியாயமான கேள்வியும் இருக்கிறது. 'எத்தனை பேருக்குப் பிடித்தது' என்பதும் 'எவ்வளவு நன்றாக இருக்கிறது' என்பதும் ஒன்றா? ஜம்ப் இதழின் தபால் அட்டை முதல் கேள்வியை மட்டும்தான் கேட்கிறது. ரசிகர்களுக்குள் நடக்கும் விவாதம்தான் இரண்டாவது கேள்வியைக் கேட்கிறது. அதனால் அந்த விவாதம் வீண் இல்லை.

10-க்கு 1: மதிப்பெண் யுத்தம்

ஆனால் எல்லா விவாதமும் நியாயமாக நடப்பதில்லை. 2004-ல் தொடங்கிய மை அனிமே லிஸ்ட் தளத்தில் ரசிகர்கள் தாங்கள் பார்த்த அனிமேவுக்கு 10-க்கு மார்க் போடலாம். அதன் முதலிடத்தில் பல ஆண்டுகள் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' இருந்தது. புதிதாக ஒரு தொடர் அந்த இடத்தை நெருங்கினாலே, ஒரு கூட்டம் போய் அந்தப் புதிய தொடருக்கு '1' போட்டுத் தள்ளும். பதிலுக்கு அவர்கள் வந்து இதற்கு '1' போடுவார்கள். இரண்டையும் முழுசாகப் பார்த்தவர்கள் அதில் எத்தனை பேர் என்பது கேள்விக்குறி.

2023-ல் 'ஃப்ரீரென்' முதலிடத்துக்கு வந்தபோதும் இந்தப் பேச்சு கிளம்பியது. இத்தனைக்கும் ஃப்ரீரென், வில்லனை வென்ற பிறகு மிஞ்சும் நினைவுகளைப் பற்றிய அமைதியான கதை! அதுவும் பிடிக்கலாம், பிரதர்ஹுடும் பிடிக்கலாம். ஒன்றைத் தூக்க இன்னொன்றை இறக்க வேண்டிய அவசியம் இல்லை.

வாய்வழிப் பேச்சு ஒரு தொடரைத் தூக்கிவிடுமா?

நிச்சயமாக. 'டீமன் ஸ்லேயர்' மங்கா 2016-ல் இருந்து வந்துகொண்டிருந்தாலும், 2019-ல் அனிமே வந்த பிறகுதான் நிலவரமே மாறியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒளிபரப்பான 19-வது எபிசோடைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களை இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். மங்கா புத்தகங்கள் பறந்தன. 2020-ல் வந்த 'மியூகன் டிரெயின்' திரைப்படம், 2001-ல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே'யின் சாதனையை முறியடித்து ஜப்பானில் அதிகம் வசூலித்த படமானது. வசூல் 4,000 கோடி யென்னைத் தாண்டியது.

இந்திய ரசிகர்களின் குரலுக்கும் பலன் கிடைத்திருக்கிறது. மகோட்டோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' படத்தை இங்கேயும் தியேட்டரில் வெளியிட வேண்டும் என்று 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். 2019 அக்டோபரில் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அங்கிருந்து 2025 செப்டம்பருக்கு வந்தால், 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' தமிழ் டப்பிங்கோடு நம்ம ஊர் தியேட்டர்களிலேயே ரிலீஸ் ஆனது. ஆறு ஆண்டுகளில் எவ்வளவு தூரம்!

முடிவு பிடிக்கலைன்னா?

கருத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஹஜிமே இசயாமாவின் 'அட்டாக் ஆன் டைட்டன்' 2009-ல் தொடங்கி 2021 ஏப்ரலில் 139-வது அத்தியாயத்தோடு முடிந்தது. முடிவு ரசிகர்களை இரண்டாகப் பிளந்தது. ஹீரோ எரெனை இப்படிக் காட்டியிருக்கக் கூடாது என்று கடுமையாக எழுதினார்கள். விமர்சனம் சிலரிடம் கதையைத் தாண்டி ஆசிரியரையே திட்டுவதாக மாறியது.

2022 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த அனிமே விழாவுக்கு இசயாமா வந்தார். முடிவை எழுதியதில் தனக்கு இருந்த தடுமாற்றத்தைப் பற்றிப் பேசி, மேடையிலேயே ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அரங்கில் இருந்தவர்கள் கைதட்டி அவரைத் தேற்றினார்கள். 2023 நவம்பரில் அனிமேவின் இறுதி எபிசோடு வந்தபோது, எரெனும் அர்மினும் பேசும் முக்கியமான காட்சியின் வசனங்களை இசயாமாவே திருத்தி எழுதியிருந்தார். கதையின் முடிவு மாறவில்லை. ஆனால் அது சொல்லப்பட்ட விதம் மாறியிருந்தது. மங்காவில் பிடிக்காத பலர் அனிமேவில் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே உதவியது எது? "இந்த வசனம் இந்தக் கதாபாத்திரத்துக்குப் பொருந்தலை" என்று காரணத்தோடு சொல்வது, எழுதுகிறவருக்குப் பயன்படும் விமர்சனம். வெறும் வசவை வைத்து யாரும் ஒரு வசனத்தைத் திருத்த முடியாது.

"அடுத்த எபிசோடு எப்போ?" என்ற கேள்வியின் விலை

ரசிகர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஒரு மனிதரின் கை.

'சோலோ லெவலிங்' வெப்டூனை வரைந்த ஜாங் சுங் ராக், 'டுபு' என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். 2022 ஜூலை 23 அன்று மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவால் காலமானார். வயது 37. தான் வரைந்த கதை அனிமேவாக உலகைச் சுற்றியதைப் பார்க்க அவர் இல்லை. அவருக்கு நாள்பட்ட உடல்நலப் பிரச்சினை இருந்ததாக அவருடைய ஸ்டுடியோ சொன்னது. இருந்தாலும் அவரது மறைவுக்குப் பிறகு கொரிய வெப்டூன் கலைஞர்களின் வேலைப்பளு பெரிய விவாதமானது. வாரம் தவறாமல் 60, 70 கட்டங்கள், அதுவும் முழு வண்ணத்தில் என்றால் எத்தனை மணி நேர வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

'பெர்செர்க்' மங்காவின் கென்டாரோ மியூரா 2021 மே மாதம் 54 வயதில் காலமானார். 1989-ல் தொடங்கிய கதை அப்போதும் முடிந்திருக்கவில்லை. கதையின் முடிவு வரை அவரிடம் கேட்டிருந்த நெருங்கிய நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில், மியூராவின் உதவியாளர்கள் 2022-ல் இருந்து அதைத் தொடர்கிறார்கள்.

'ஹன்டர் ஹன்டர்' மங்கா அடிக்கடி நின்றுபோவதை வைத்து ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மீம் போட்டார்கள். அதன் ஆசிரியர் யோஷிஹிரோ தொகாஷி, கடுமையான முதுகுவலியால் நாற்காலியில் உட்கார்ந்து வரைய முடியாத நிலையில் இருந்ததை 2022-ல் சொன்னார். அதே ஆண்டு இறுதியில், இனி அந்தத் தொடர் வாராவாரம் வராது என்று ஜம்ப் அறிவித்தது. மீம் போட்ட பலரே "பொறுமையா வரைங்க சார்" என்று எழுதினார்கள்.

எண்ணப்படாத கருத்து: லீக், பைரசி

ஜம்ப் இதழ் ஜப்பானில் திங்கட்கிழமை விற்பனைக்கு வரும். ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே பக்கங்கள் இணையத்தில் கசிந்துவிடும். இப்படி லீக் செய்ததாக ஜப்பான் போலீஸ் 2024 பிப்ரவரியில் வெளிநாட்டவர் இருவரைக் கைது செய்தது. ரசிகர்களே ஸ்கேன் செய்து மொழிபெயர்த்துப் போடும் 'ஸ்கேன்லேஷன்' பழக்கமும் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதிகாரபூர்வமாகக் கிடைக்காத காலத்தில் உலக ரசிகர்களை உருவாக்கியதே அதுதான் என்பது ஒரு வாதம். அதில் உண்மையும் இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். திருட்டுத் தளத்தில் ஒரு கதையை லட்சம் பேர் படித்தாலும், அதில் ஒருவர்கூட வரைந்தவரின் கணக்கில் வரமாட்டார். தரவரிசையில் ஏறாது, வருமானத்திலும் சேராது. "இவ்ளோ நல்ல கதையை ஏன்தான் நிறுத்தினாங்களோ" என்று வருத்தப்படுகிற ரசிகரின் வாசிப்பே எண்ணிக்கையில் இல்லாமல் போயிருக்கலாம். 2019 ஜனவரியில் ஷூயிஷா தொடங்கிய 'மங்கா பிளஸ்' சேவையில் புதிய அத்தியாயங்களை ஜப்பானில் வெளியாகும் அதே நேரத்தில், ஆங்கிலம் உள்ளிட்ட மொழிகளில் இலவசமாகவே படிக்கலாம்.

ரசிகர் பேச்சில் அடிபடும் வார்த்தைகள்

ஸ்பாய்லர்: கதையின் முக்கியத் திருப்பத்தை முன்கூட்டியே போட்டு உடைப்பது.

ஃபில்லர்: மங்காவில் இல்லாத, அனிமேவை நீட்டுவதற்காகச் சேர்க்கப்படும் எபிசோடு.

பவர் ஸ்கேலிங்: "இவனும் அவனும் மோதினால் யார் ஜெயிப்பா?" என்ற முடிவில்லாத கணக்கு.

ஷிப்பிங்: இந்த இரண்டு பேரும் ஜோடி சேர வேண்டும் என்று ரசிகர்கள் ஆசைப்படுவது.

சப், டப்: சப்டைட்டிலோடு ஜப்பானிய மொழியில் பார்ப்பதா, மொழிமாற்றக் குரலில் பார்ப்பதா என்ற சண்டை. தமிழ் டப்பிங் வந்த பிறகு இந்தச் சண்டை நம்ம வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

அப்போ ரசிகர் என்ன செய்யலாம்?

பிடித்த கதையை அதிகாரபூர்வமான இடத்தில் பாருங்கள், படியுங்கள். இலவச வழி இருந்தாலும் அது எண்ணிக்கையில் சேரும். தமிழ் டப்பிங் தொடர வேண்டும் என்றாலும் வழி இதுதான். நன்றாக இருக்கிறதா, சுமாரா என்பதைக் குரல், வசனம், மொழிநடை என்று குறிப்பாகச் சொன்னால் அடுத்த படத்துக்காவது பயன்படும்.

மார்க் போடுவதற்கு முன் முழுசாகப் பாருங்கள். திட்டுவதாக இருந்தால் கதையைத் திட்டுங்கள், ஆளை வேண்டாம். லீக் பார்த்திருந்தாலும் மற்றவர்களுக்குச் சொல்லாதீர்கள்.

முக்கியமாக, "இந்த வாரம் தொடர் வெளியாகாது" என்று அறிவிப்பு வந்தால் கோபப்படுவதற்கு முன்னால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த அந்தக் கதையை வரைகிறவருக்கு அது பல மாதங்களுக்குப் பிறகு கிடைத்த முதல் லீவாக இருக்கலாம்.